வீட்டுக்கு நாலு ஜிபி

பையை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இடித்தால் ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நாமக்கல் வரைக்கும் இப்படித்தான்.

உள்ளே லேப்டாப். ரிப்பேருக்கு இல்லை, நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் இல்லை. லினக்ஸ். யார் போட்டது என்று கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். நான் போட்டது. சிரிக்க ஒன்றுமில்லை. எழுபத்தொரு வயது எனக்கு. பட்டனை அமுக்கி, அடுத்து, அடுத்து என்று போகிற வகை இல்லை அது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒவ்வொரு வரியையும் கையால் தட்ட வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் நம்மைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடும்.

நான் பத்திர எழுத்தர். பேர் வையாபுரி. துறையூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நாற்பத்து நாலு வருஷம். கிரயம், உயில், பாகப்பிரிவினை, எல்லாம் இந்தக் கைதான். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவன் எல்லாம் டைப் அடிக்க ஆள் வைத்தான். ஆள் அடித்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். கிழக்கு மேற்காகி, வடக்கு தெற்காகி, இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள் ஜனங்கள். நான் ஆள் வைக்கவில்லை. நானே அடித்தேன்.

போன ஆவணியில் லேப்டாப் படுத்துவிட்டது. திறந்தால் சுற்றும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது. கொண்டுபோனேன். அங்கே இருந்தவன் மூடியை முழுசாகக்கூடத் திறக்கவில்லை.

"பெரியவரே, பத்து வருஷத்துக்கு முந்தின மாடல். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க."

"என்ன கோளாறு?"

"வயசாயிடுச்சு."

"யாருக்கு?"

போனை நோண்டிக்கொண்டிருந்தான். வேலை தெரியாதவன் சொல்கிற வார்த்தை அது, வயசாயிடுச்சு. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மரகதம், என் சம்சாரம், சும்மா இருப்பாளா? மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் சுகந்தி நாமக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். தினம் மத்தியானம் நான் இல்லாத நேரமாகப் பார்த்து இவள் அவளுக்குப் போன் போடுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று இவள் நினைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். நான் கேட்பதில்லை. மகளும் நானும் பேசி ஆறு வருஷம்.

ஏன் என்றா? சரி, தா.பேட்டையே இன்னும் வரவில்லை, சொல்கிறேன். கல்யாணம்தான், வேறு என்ன. அவளாக ஒருத்தனைப் பார்த்துக்கொண்டாள். நம்ம ஆட்கள் இல்லை. அதைக்கூட விடுங்கள். பதிவுக் கல்யாணத்துக்கு எத்தனை ஜோடிக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். ஓடி வந்தது, சொல்லிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டு வந்தது. யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இவள் என்ன செய்தாள்? நாமக்கல்லில் எவனோ ஒருத்தனிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். அப்பன் இந்தத் தொழிலில் இருக்கும்போது.

கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனா என்கிறீர்களா? மாட்டேன். அது வேறு விஷயம். வந்து கேட்டிருக்க வேண்டும்.

உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். மிதிக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

அப்புறம் ஒரே ஒரு தடவை துறையூர் வந்தாள். மகன் சிவப்பிரகாசம் ஓசூரில் இருக்கிறான், அவன் பூர்வீக நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் வேண்டும் என்றான். பெண் பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது, தெரியும் இல்லையா. நான்தான் எழுதினேன். 'அன்பின் காரணமாக, எவ்விதப் பிரதிபலனும் இன்றி, முழு மனதுடன்' என்று எழுதுவது வழக்கம். அப்படியே எழுதினேன். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், ரேகை வைத்தாள். மரகதம் பிளாஸ்கில் கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. விரல் மையைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். ஆறு பக்கம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அந்தப் பத்திரத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

லேப்டாப்புக்கு வருகிறேன்.

"ஏங்க, அதைக் கொண்டுபோனா பாப்பா ஒரு மணி நேரத்துல லினக்ஸ் போட்டுக் கொடுத்துடறேங்கறா."

"எங்க கொண்டுபோகணும்?"

"அவ வீட்டுக்குத்தான்."

"முடியாது."

"அப்ப கொரியர்ல போடுங்க."

"ஊர்ச் சொத்து விவரம் பூராவும் உள்ள இருக்கு. கொரியர்காரன் கையில கொடுக்கச் சொல்றியா?"

எல்லாவற்றுக்கும் டிவிடியில் நகல் இருக்கிறது. இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

நாலு நாளில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு பென் டிரைவ், இரண்டு தாள். தாளின் இரண்டு பக்கமும் அவள் கையெழுத்து, எண் போட்டு வரிவரியாக. லேப்டாப்பில் நினைவகம் கம்மி, படம் காட்டி நிறுவுகிற வகை பாதியில் நின்றுவிடும், கையால் தட்டித்தான் ஆக வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பு. அன்புள்ள இல்லை. இப்படிக்கு இல்லை. மளிகைச் சிட்டையில்கூட மேலே ஒரு பிள்ளையார் சுழி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஒன்பது வரி போனது. பத்தாவதில் நின்றது. மரகதம் போனை எடுத்துவிட்டாள். நான் கூப்பிடச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நான் இங்கே, போன் ஒரு சாண் தள்ளி, நடுவில் மரகதம். இந்தக் கூத்தைக் கேளுங்கள்.

"அம்மா, பத்தாவது வரியை விட்டுட்டு நான் சொல்றதை அடிக்கச் சொல்லு அவர்கிட்ட."

அவர். பெற்ற அப்பனை அவர்.

"ஏங்க, அவ சொல்றதை அடிக்கணுமாம்."

"காது கேக்குது. சொல்லச் சொல்லு."

சொன்னாள். அடித்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. மறுபடி சொன்னாள், மறுபடி அடித்தேன். மறுபடி இல்லை.

"அம்மா, டிஸ்க்கோட பேரு எஸ், டி, ஏ. மூணே எழுத்து. சரியா அடிச்சாரான்னு கேளு."

"எஸ், டி, ஏதான் அடிச்சேன்னு சொல்லு."

"எந்த டின்னு கேளு."

"எந்த டிங்க?"

"டின்னா டிதான். எத்தனை டி இருக்கு ஊர்ல?"

"டில்லி டியா, திருச்சி டியான்னு கேளும்மா."

இருபது நிமிஷம் போனது இதில். நான் திருச்சி டி அடித்திருந்தேன். திருச்சி ஜில்லாக்காரன் வேறு எந்த டியை அடிப்பான்? டில்லி டி வேண்டுமென்றால் டில்லி டி என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வாத்தியார் வேலை பார்க்கிறாளாம்.

அடுத்து வந்தது பார்ட்டிஷன், டிஸ்க்கைப் பாகம் பிரிப்பது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே பார்ட்டிஷன் சொல்லித் தருகிறாள். டிஸ்க்கை அளந்து காட்டியது. வாங்கும்போது முந்நூற்று இருபது ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தான். அளந்தால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. பத்திரத்தில் ஒரு அளவு, இடத்தில் ஒரு அளவு. நிலத்தில்தான் இந்த அக்கிரமம் என்று நினைத்திருந்தேன்.

தாளில் மூன்று பாகம் போட்டிருந்தாள். ரூட்டுக்கு முப்பது, ஸ்வாப்புக்கு நாலு, மீதி எல்லாம் ஹோமுக்கு. மீதி எல்லாம் என்று எவனாவது பாகப்பிரிவினையில் எழுதுவானா, நீங்களே சொல்லுங்கள். அளவு போட வேண்டும். நாலு எல்லை சொல்ல வேண்டும். மீதி என்று எழுதினாலே அண்ணன் தம்பி மண்டை உடையும்.

"மரகதம், ரூட்டுன்னா என்னன்னு கேளு."

கேட்டாள். "வேராம். எல்லாத்துக்கும் மூலமாம்."

"ஸ்வாப்பு?"

"இடம் பத்தாதப்ப மாத்தி மாத்தி வச்சுக்கிற இடமாம்."

"ஹோமு?"

"வீடுங்க. அதுகூடவா தெரியாது உங்களுக்கு?" என்றாள். இதை மகளிடம் கேட்கவே இல்லை. அவளாகச் சொல்லிவிட்டாள்.

அவ்வளவு போதும் எனக்கு. எத்தனை குடும்பத்துக்குப் பிரித்திருக்கிறேன். மூலம் என்றால் பூர்வீகம், நிலம். அதுதான் பெரிசு. வீடு என்ன, மூன்று சென்ட், நாலு சென்ட். ஆகவே மூலத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு. ஸ்வாப்புக்கு நாலு. வீட்டுக்கு நாலு. கூட்டிப் பாருங்கள், இம்மி பிசகாது. அவளிடம் சொல்லவில்லை. பிரிப்பது என் தொழில், எதற்கு அவளைக் கேட்க வேண்டும்?

எழுதி முடித்ததும், நிச்சயமாகத்தானா என்று கேட்டது. சம்மதம் என்று முழு வார்த்தையாக இங்கிலீஷில் எழுத வேண்டும். முதல் எழுத்தை மட்டும் தட்டினால் ஏற்றுக்கொள்ளாது. அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சார்பதிவாளர்கூட இத்தனை கறாராகக் கேட்பதில்லை.

இரண்டாவது ஞாயிறு பாஸ்வேர்டில் போனது. அடிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்து ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"எழுத்தே வரலைங்கறார் பாப்பா. கோவமா இருக்கார்."

"வராதும்மா. திரையில தெரியாது. ஆனா உள்ள போயிட்டுத்தான் இருக்கும். நிறுத்தாம அடிக்கச் சொல்லு."

தெரியாதாம், ஆனால் உள்ளே போய்க்கொண்டிருக்குமாம். எவன் கண்டுபிடித்தானோ. அன்றைக்கு அவள் போனை வைக்கும்போது, "சாப்பிட்டாராம்மா?" என்று கேட்டாள். மணி பதினொன்று. அந்த நேரத்தில் எவன் சாப்பிடுவான்? மரகதம் என் முகத்தைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு கடைசி வரி வரைக்கும் தட்டியாகிவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து அதே கருப்புத் திரை. மூன்று வாரம் தட்டியது எங்கே போனது? வாயில் வந்ததைச் சொன்னேன். இங்கே சொல்ல முடியாது, முன் சீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். மரகதம் மேஜை துடைக்கிறேன் பேர்வழி என்று பென் டிரைவைப் பிடுங்கிவிட்டாள். மறுபடி ஆன் செய்தேன். வந்துவிட்டது. பென் டிரைவைக் கழற்றச் சொல்லித் தாளில் எழுதித்தான் இருந்தது, பின்பக்கம் அடியில். அடியில் எழுதினால் யார் பார்ப்பார்கள்? என்னவோ, போட்டு முடித்தவன் நான்.

அதன் பிறகு சரியாக ஓடியது. தமிழ் எழுத்து வந்தது, ஸ்கேனர் வேலை செய்தது. சுற்றுவது இல்லை. அந்த சர்வீஸ் கடைக்காரன் எதிரே வந்தான் ஒருநாள். "புதுசு வாங்கிட்டீங்களா பெரியவரே?" என்றான். அதே கிழவன்தான், மூளையை மட்டும் மாற்றினேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவது நின்றுவிட்டது. வேலை முடிந்தது, எதற்கு வரும்? நல்லதுதான். காலையில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம். மரகதம்தான் அந்த மேஜையையே சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "கோளாறு ஒண்ணும் வரலையாங்க?" என்று தினம் ஒரு தடவை. கோளாறுக்கு ஏங்குகிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஐந்து வாரம் போனது. ஒரு புதன்கிழமை, கிரயப் பத்திரம். பத்தரைக்கு டோக்கன். விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சி இரண்டு பேர், நாலு பேரும் தலைமாட்டில் நிற்கிறார்கள். பத்திரத்தை அடித்து முடித்துச் சேமித்தால், சேமிக்கவில்லை. இடம் இல்லை என்றது. மறுபடி தட்டினேன். இடம் இல்லை. முந்நூறு ஜிபியில் ஒரு பத்திரத்துக்கு இடம் இல்லையாம்.

மரகதம் வீட்டில். நான் ஆபீசில். என்ன செய்வது? நானே போட்டேன் போனை. நம்பர் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்திர எழுத்தருக்கு நம்பர் மறக்காது. அவ்வளவுதான்.

"நான்தான்" என்றேன்.

வகுப்பில் இருந்தாள்போல, நாற்காலி இழுக்கிற சத்தம், கதவு சத்தம். அப்புறம், "சொல்லுங்க."

"சேவ் ஆகலை. இடம் இல்லைங்குது. பத்தரைக்கு டோக்கன்."

"டி எஃப்னு அடிங்க, எதுல எவ்வளவு இடம்னு காட்டும். டில்லி டி."

"தெரியும்."

"ஹோம்னு ஒரு வரி இருக்கும். படிங்க."

"நூறு சதவீதம்."

"மொத்த அளவு?"

"நாலு."

"நாப்பதா?"

"நாலு. நாலுதான் வச்சேன்."

"வீட்டுக்கு நாலு ஜிபிதானாப்பா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூக்கால் சிரிப்பாள், பள்ளிக்கூடம் போகும்போதே அப்படித்தான். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்துபோய், இருமிச் சமாளித்தாள். எனக்கு அதில் சிரிக்கவும் ஒன்றுமில்லை, வேறெதற்கும் ஒன்றுமில்லை. நாலு பேர் நிற்கிறார்கள் எனக்கு.

"நாம எழுதறது எல்லாம் வீட்டுலதாம்ப்பா போய்ச் சேரும். மூலம் சிஸ்டத்துக்கு மட்டும்தான். அதுக்கு எதுக்கு அவ்வளவு? அங்க பூரா சும்மா கிடக்கும் பாருங்க."

"தாள்ல எழுதியிருக்கணும்."

"மீதி எல்லாம் வீட்டுக்குன்னு எழுதியிருந்தேனே."

"மீதின்னு எழுதக் கூடாது. உனக்குத் தெரியாது."

மூன்று வரி சொன்னாள். பழைய ஸ்கேன் எல்லாம் மூலத்துப் பக்கம் போய் உட்கார்ந்தன. பத்திரம் சேமித்தது. பத்து இருபத்தாறுக்கு உள்ளே போனோம். அதற்கு முன்னால் அவள் ஒன்று சொன்னாள்.

"இது தற்காலிகம்தான். பாகத்தையே மாத்தணும். போன்ல சொன்னா ஏதாவது அழிஞ்சு தொலையும். கொண்டுவாங்கப்பா."

"பதிவான பாகம் பதிவானதுதான்" என்றேன்.

"பிழைதிருத்தல் பத்திரம்னு நீங்க ஒண்ணுகூட எழுதினதில்லையா?"

என்ன திமிர் பாருங்கள். கட்சிக்காரர்கள் முன்னால் நான் என்ன பேச முடியும்? வைத்துவிட்டேன்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். வாசப்படி என்ன ஆனது என்றா கேட்கிறீர்கள்? லேப்டாப் போகிறது. நான் தூக்கிக்கொண்டு போகிறேன். அது வேறு, இது வேறு. காலையில் மரகதம் முறுக்கு, அதிரசம், ஊறுகாய் என்று ஒரு மூட்டை கட்டினாள். இது லேப்டாப் பை, பலகாரப் பை இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியும் அடியில் ஏதோ வைத்திருக்கிறாள். கனம் தெரிகிறது.

அந்தத் தாளா? பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுவா? அது ஒன்றுமில்லை. பிரிண்டர் சரியாக வருகிறதா என்று பார்க்க எதையாவது அடிக்க வேண்டும் இல்லையா. கையில் வந்ததை அடித்தேன். பாருங்கள், பரவாயில்லை. நீங்களும் வாத்தியார் என்கிறீர்கள், பிழை இருந்தால் சொல்லுங்கள். இருக்காது.

ஆமாம், தான செட்டில்மெண்ட், பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது. வீடு நான் கட்டியது, என் சொந்தச் சம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வீட்டின் வடபுறப் பாதி. மேற்கே தெரு, தெற்கே சிவப்பிரகாசம் பாகம். சோதனைக்கு அடிக்கிற தாள் என்றால் எல்லை தப்பாகப் போட முடியுமா? ஏன் பத்திரத்தாளில் அடித்தேன் என்றால், வெள்ளைத் தாளில் அடித்தால் மை எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாது. உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, விடுங்கள்.

அந்த இடத்தில் கோடுதான் இருக்கும். 'என் மகளும், நாமக்கல்லில் வசிக்கும் திரு', அப்புறம் கோடு, அப்புறம் 'அவர்களின் மனைவியுமான சுகந்தி'. சரிதான் அது. பேர் மதியழகன் என்று தெரியும். இனிஷியல் தெரியாது. அவன் அப்பா பேர் தெரியாது, கதவு எண் தெரியாது. ஆறு வருஷத்தில் தெரிந்துகொள்ளத் தேவை வரவில்லை. மரகதத்துக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

நாமக்கல் வந்துவிட்டதுபோல. கொஞ்சம் வழி விடுங்கள்.

இனிஷியலை மகளிடம் போனில் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். கட்சிக்காரரை நேரில் பார்க்காமல் நான் ஒரு பத்திரமும் முடித்ததில்லை.